பசை பிடிக்காத பல்

கிளிப் போட்ட பிள்ளைகள், பல்லிலிருந்து பெயர்ந்த உலோகப் பொட்டைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு ஓசூர் பஸ்ஸுக்கு நிற்பதை ராயக்கோட்டையில் அடிக்கடி பார்க்கிறேன். "மறுபடி கழண்டுக்கிச்சுங்க" என்பார்கள். முறுக்கு தின்றாயா, கரும்பு கடித்தாயா என்று வீட்டில் திட்டு வேறு. திட்டு வாங்க வேண்டியது அவர்கள் குடித்து வளர்ந்த போர்வெல் தண்ணீர்.

கிருஷ்ணகிரியும் தருமபுரியும் ஃபுளோரைடுக்குப் பேர்போன மாவட்டங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013இல் திறந்ததே அதற்காகத்தான். ஆனாலும் அந்தத் தண்ணீர் வராத நாளில் சோற்றுப் பானைக்குப் போவது போர் தண்ணீர்தான்.

ஃபுளோரைடு ஏறிய எனாமலுக்கு மேல்தோல் கெட்டி, அமிலத்துக்கு எளிதில் இளகாது, அடியிலோ பொத்தல். பசை பிடிக்க, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் தடவி எனாமலைச் சொரசொரப்பாக்குவார்கள். நல்ல பல்லுக்கு 15 முதல் 30 விநாடி போதும். ஃபுளோரைடு கறை ஏறிய பல்லுக்கு மேல்தோலை லேசாக உரசிவிட வேண்டும், இல்லையென்றால் அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். தனியாக அமிலம் தடவாமல் நேராகப் பூசும் சுலபப் பசைகள் இந்தப் பல்லில் பெரும்பாலும் சரியாகப் பிடிப்பதில்லை. பல்லை வெளுக்க வைத்த கையோடு ஒட்டினாலும் நிற்காது. இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

அதனால் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லுங்கள்: "டாக்டர், இது ஃபுளோரைடு பல். அமிலம் தனியா வெச்சு ஒட்டுவீங்களா?" கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று கூசாதீர்கள். செய்த வேலை, தேதி, தொகை மூன்றும் எழுதிய ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் எழுந்து வராதீர்கள். கவனக்குறைவு என்று தோன்றினால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ரசீது இல்லாத வெறும் வாய்ப்பேச்சு அங்கே எடுபடுவது கடினம்.

அக்காள் பல்லுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, அதே போர் தண்ணீரைத் தம்பிக்கு ஊற்றும் வீடுகளைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. எனாமல் உருவாவது 8 வயதுக்குள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. வற்ற வற்றக் கூடும். மறுபடியும் சொல்கிறேன், கொதிக்க வைத்தால் போகாது.

தண்ணீரைச் சோதியுங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிடியுங்கள். ஊர், போர் இருக்கும் இடம், ஆழம், தேதி எழுதி ஒட்டி, கிருஷ்ணகிரியில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். 'ஃபுளோரைடு' என்று பேர் சொல்லிக் கேளுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் வேறு தண்ணீர் தேடுங்கள்; 1.5ஐத் தாண்டினால் குடிக்கவும் வேண்டாம், உலை வைக்கவும் வேண்டாம்.

பொதுப் போராக இருந்தால், அறிக்கை நகலுடன் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து, மனு எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். "பார்க்கிறோம்" என்பது பதில் ஆகாது. மாதம் கடந்தும் அசைவில்லையா? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே வரி எழுதுங்கள்: இந்தப் போரில் ஃபுளோரைடு கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தீர்கள், எவ்வளவு இருந்தது, நகல் தருக.