மலை இடுக்கில் விருந்தாளி

டெல்லியில் புசா ரோடு என்று ஒரு பெரிய சாலை இருக்கிறது. சாலைக்கு மேலே, தூண்களின் மீது மெட்ரோ ரயில் ஓடுகிறது. பக்கத்திலேயே கரோல் பாக். தமிழ்க் குடும்பங்கள் பல காலமாக வாழும் பகுதி அது. அங்கே சில தெருக்களில் எங்கு பார்த்தாலும் புல்லட் மோட்டார் சைக்கிள்தான். விற்கிறார்கள். பழுது பார்க்கிறார்கள். வாடகைக்கும் விடுகிறார்கள்.

கோடை வந்தால் இளைஞர்கள் அங்கே கூட்டமாக வருகிறார்கள். வண்டியின் பின்னால் மூட்டை கட்டுகிறார்கள். பக்கவாட்டில் பெட்ரோல் கேன் மாட்டுகிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் "லடாக்" என்று பதில் வரும்.

புல்லட் நம் சென்னைத் தயாரிப்பு. திருவொற்றியூரில் பல காலம் செய்யப்பட்ட வண்டி. கடற்கரையில் பிறந்த அந்த வண்டி, இந்தியாவின் வட கோடியில் உள்ள மலைகளின் மேல் ஏறுகிறது. மணாலி, தார்ச்சா வழியாகப் போனால் ஷிங்கு லா என்ற கணவாய் வரும். அதன் உயரம் 16,000 அடிக்கும் மேல். அதைத் தாண்டினால் சன்ஸ்கார் பகுதி. அங்கே பதும் என்ற ஊர் இருக்கிறது. பதும் ஊரைக் கடந்தபின் சாலை ஒரு மலை இடுக்குக்குள் நுழைகிறது. கீழே சன்ஸ்கார் ஆறு. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடாவைப் போலத் தெரியும்.

ஆறு அறுத்த மலை

இந்த இடுக்கு எப்படி உண்டானது? இமயமலை இருக்கும் இடத்தில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. கடலின் அடியில் மண்ணும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்து பாறை ஆயின. பிறகு நிலம் நெருக்கப்பட்டு மேலே எழுந்தது. பாறை அடுக்குகள் துணியை மடித்தது போல மடிந்தன. மலை எழ எழ, ஆறு அதை அறுத்துக்கொண்டே வந்தது. தண்ணீர் மட்டும் அறுக்கவில்லை. தண்ணீரோடு உருண்டு வரும் கல்லும் மணலும் அரம் போல வேலை செய்தன. அந்த வேலை இன்றும் நடக்கிறது. கோடையில் ஆறு கலங்கி ஓடுவது அதனால்தான். நிம்மு என்ற ஊரில் அது சிந்து நதியில் சேர்கிறது. இரண்டு ஆறுகளும் இரண்டு நிறமாகச் சற்று தூரம் ஒட்டி ஓடுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

சென்னையில் ஓர் ஆண்டில் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. லடாக்கின் தலைநகரான லே நகரில் பெய்வது 10 சென்டிமீட்டர்தான். ஆற்றுப் பக்கம் போனால் தண்ணீர் இரைகிறது. ஊரில் பார்த்தால் மலைப்பனி உருகி வாய்க்காலில் வரும் நீர் மட்டுமே. அதைக் கொண்டுதான் பார்லி விளைகிறது.

பனிதான் பாதை

முன்பு சன்ஸ்கார் மக்களுக்குக் குளிர்காலத்தில் வழியே கிடையாது. கணவாய்கள் எல்லாம் பனியில் மூடிவிடும். ஆனால் சனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆற்றின் மேற்பரப்பு உறைந்துவிடும். அதன்மேல் நடந்து வெளியே வருவார்கள். ஏறக்குறைய ஒரு வார நடை. இந்தப் பனிப்பாதைக்குச் சாதர் என்று பெயர். போர்வை என்று பொருள். லே நகரில் விற்க வெண்ணெய் சுமந்து போனார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளையும் தகப்பன்மார் இப்படித்தான் அழைத்துப் போனார்கள்.

பனி எல்லா இடத்திலும் ஒன்று போல உறைவதில்லை. முன்னால் போகிறவர் கையில் கோல் இருக்கும். தட்டிக்கொண்டே போவார். ஓசையை வைத்தே, கால் வைக்கலாமா கூடாதா என்று சொல்லிவிடுவார். இரவில் பாறைக் குகைகளில் தங்குவார்கள். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டுவார்கள். பின்னால் வரும் கூட்டம் வேறு ஊர்க் கூட்டமாக இருந்தாலும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அந்தக் குளிரில் வெளியே நிற்கும் மனிதன் காலையில் உயிரோடு இருக்க மாட்டான். விருந்தோம்பல் அங்கே வெறும் மரியாதை அல்ல.

2024 மார்ச் மாதம் நிம்மு, பதும், தார்ச்சா ஊர்களை இணைக்கும் 298 கிலோமீட்டர் சாலை முழுதும் இணைக்கப்பட்டது. இடுக்கின் பாறைச் சுவரைக் குடைந்து அதை அமைத்தார்கள். ஷிங்கு லாவுக்குக் கீழே சுரங்கப்பாதை வேலையும் அதே ஆண்டில் தொடங்கியது. இப்போது நோயாளியை வண்டியில் கொண்டுபோக முடிகிறது. சாதரில் இன்று நடப்பவர்களில் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு வழிகாட்டிகளாகவும் சுமை தூக்குகிறவர்களாகவும் சமையல்காரர்களாகவும் போகிறார்கள்.

அவசரம் ஆகாது

ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி உயரத்தில் இருக்கிறது. லே 11,500 அடி. அங்கே காற்று மெலிது. டெல்லியில் விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் இறங்குகிறவருக்குத் தலை வலிக்கும். மூச்சு வாங்கும். வாந்தி வரும். இரண்டு மூன்று நாள் சும்மா இருந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். பழகாமல் மேலே ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டு உயிர் போகலாம். இளைஞருக்கும் போகலாம், பலசாலிக்கும் போகலாம். சாதரில் நடக்க வருகிறவர்களுக்கு லேயில் மருத்துவப் பரிசோதனை வைத்திருப்பது இதற்காகத்தான்.

கோடையில் வருகிறவர்கள் ரப்பர் படகில் ஏறுகிறார்கள். சில்லிங் என்ற ஊரில் ஏறினால் நிம்மு வரை சுமார் 28 கிலோமீட்டர். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் போட்டுத்தான் ஏற்றுவார்கள். பனி உருகிய தண்ணீர் அது. விழுந்தால் நீந்தத் தெரிந்தவருக்கும் சில நிமிடங்களில் கை கால் விறைத்துவிடும். "இன்று தண்ணீர் அதிகம், போக வேண்டாம்" என்று படகுக்காரர் சொன்னால், கட்டிய பணத்தைப் பற்றிப் பேசுவது அறிவீனம்.

பனியும் ஏமாற்றும். 2020 சனவரியில் நேராக் என்ற ஊர்ப்பக்கம் பனித்தளம் உடைந்து தண்ணீர் மேலே ஏறியது. வந்தவர்கள் திரும்ப வழியில்லாமல் சிக்கிக்கொண்டார்கள். விமானப் படை ஹெலிகாப்டரில் போய் மீட்டது.

அடுப்பின் பக்கத்தில் இடம்

சில்லிங் அருகே மார்க்கா ஆறு வந்து சன்ஸ்காரில் சேர்கிறது. மார்க்கா ஆற்றோரக் கிராமங்களில் விடுதிகள் என்று பெரிதாக எதுவும் இல்லை. வீடுகளில்தான் தங்க வேண்டும். வீட்டில் பெரிய அறை சமையலறை. நடுவில் இரும்பு அடுப்பு. அலமாரி நிறையச் செம்பும் பித்தளையும் பளபளக்கும். விருந்தாளிக்கு அடுப்பின் பக்கத்தில் இடம் கொடுப்பார்கள்.

வணக்கம் சொல்ல "ஜூலே" என்பார்கள். நன்றி சொல்லவும் அதே சொல்தான். வீட்டு அம்மாவை "அமா-லே" என்றும், அக்கா வயதுள்ளவரை "அச்சே-லே" என்றும் அழைக்க வேண்டும். "லே" மரியாதைச் சொல்.

முதலில் தேநீர் வரும். சர்க்கரை இருக்காது. உப்பும் வெண்ணெயும் போட்டு நீண்ட மரக் குழலில் கடைந்த தேநீர். கடையும்போது குர்குர் என்று ஓசை வருவதால் குர்குர் சாய் என்று அதற்குப் பெயர். முதல் வாய் நம்மவர்களுக்குப் பிடிக்காது. இரண்டாம் நாள் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். கிண்ணம் சற்றுக் குறைந்தாலும் ஊற்றிவிடுவார்கள். போதும் என்றால் கையால் கிண்ணத்தை மூட வேண்டும். வறுத்த பார்லி மாவைத் தேநீரில் பிசைந்து சாப்பிடுவதும் உண்டு. நம் ஊர்ச் சத்துமாவின் உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

நம்மவர்களுக்குத் திண்டாட்டம் கழிப்பறையில்தான். மாடியில் ஓர் அறை. தரையில் ஒரு துளை. பக்கத்தில் மண் குவியலும் மண்வாரியும். தண்ணீர் ஊற்றக் கூடாது. மண் தள்ள வேண்டும். கீழ் அறையில் அது மட்கி எருவாகிறது. வசந்த காலத்தில் வயலுக்குப் போகிறது. இவ்வளவு தண்ணீர்ப் பஞ்சத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. வாளி நிறையத் தண்ணீர் கேட்கும் விருந்தாளி, அந்த வீட்டின் வயலுக்கு வர வேண்டிய நீரையும் எருவையும் சேர்த்தே கெடுக்கிறார்.

இந்தக் கிராமங்களுக்கு வேறொரு தொல்லை இருந்தது. பனிச்சிறுத்தை இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொல்லும். ஒரே இரவில் பல ஆடுகள் போய்விடும். கோபத்தில் மக்கள் சிறுத்தையைக் கொல்லப் பார்த்தார்கள். 2000-க்குப் பிறகு பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று ரும்பாக் முதலிய ஊர்களில் பெண்களோடு பேசியது. வீட்டில் விருந்தாளிகளைத் தங்கவைக்கப் பயிற்சி கொடுத்தது. பட்டிக்கு மேலே கம்பி வலை போட உதவியது. எந்த வீட்டுக்கு விருந்தாளி என்பதில் முறை வைத்துக்கொண்டார்கள். வருமானத்தில் ஒரு பகுதி ஊர் நிதிக்குப் போகிறது. பணம் வாங்குவது வீட்டுப் பெண். சிறுத்தையைப் பார்க்கவே இப்போது ஆட்கள் வருகிறார்கள். ஆடு தின்ற சிறுத்தை சோறு போடுகிறது.

வரவேற்புக்கும் எல்லை உண்டு. டெல்லியிலிருந்தும் மணாலியிலிருந்தும் வரும் வாடகை மோட்டார் சைக்கிள்களை லடாக்கின் வண்டிக்காரர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறார்கள். ஆண்டில் நாலைந்து மாதம்தான் அவர்களுக்குப் பிழைப்பு. அந்த நேரத்தில் வெளியூர் வாடகை வண்டியிலேயே ஊரைச் சுற்றிவிட்டுப் போனால் அவர்கள் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்கிறார்கள். புசா ரோட்டுப் பக்கம் வண்டி எடுக்கிறவர்கள் இதை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. சொந்த வண்டிக்கு இந்தத் தகராறு இல்லை. ஆனால் பிஸ்கட் உறைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் கொண்டுவந்த மூட்டையிலேயே கட்டித் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அந்த இடுக்கில் குப்பை வண்டி வருவதில்லை.