கடைசிப் பத்து மீட்டர்

உலர்ந்த சாலை. இரண்டு கார்கள் அருகருகே வருகின்றன. ஒன்றின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், மற்றதன் வேகம் 60. 35 மீட்டர் முன்னால் ஒரு சிறுமி தெருவைக் கடக்க இறங்குகிறாள். இரு ஓட்டுநர்களும் ஒரே நொடியில் அவளைப் பார்க்கிறார்கள், ஒரே பலத்தோடு பிரேக்கை மிதிக்கிறார்கள். 50இல் வந்த கார் அவளுக்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது. 60இல் வந்த கார் அவள்மீது மோதுகிறது, அதுவும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் வேகத்தில்.

பத்து கிலோமீட்டர் வித்தியாசம் எப்படி 42 ஆனது? கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் மெதுவான கார் 21 மீட்டர் ஓடிவிடும், வேகமான கார் 25. மீதியைப் பார்த்துக்கொள்வது இயற்பியல். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60இல் அது 50இல் இருப்பதைவிட 44 சதவீதம் அதிகம். பிரேக் பிடித்ததும் வேகம் தூரத்துக்கு ஏற்ப சீராகக் குறைவதில்லை. நிற்பதற்குத் தேவையான தூரத்தில் பாதியைக் கடந்த பிறகும் பழைய வேகத்தில் 70 சதவீதம் மிஞ்சியிருக்கும். பெரும்பகுதி வேகம் கரைவது கடைசி சில மீட்டர்களில்தான். அந்தக் கடைசிப் பத்து மீட்டர்தான் 60இல் வந்தவருக்குக் கிடைக்கவில்லை.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 கி.மீ. வரம்புள்ள சாலைகளில் விபத்துக்குள்ளான கார்களின் வேகத்தைக் கணித்து, அதே இடத்தில், நாளின் அதே வேளையில் விபத்தின்றிப் போன கார்களோடு ஒப்பிட்டார்கள். 1997இல் வெளியான முடிவு: 60க்கு மேல் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும், காயம் விளைவிக்கும் விபத்தில் சிக்கும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 65இல் ஓட்டுவது, ரத்தத்தில் 0.05 சதவீத மதுவோடு 60இல் ஓட்டுவதற்கு நிகர். குடித்துவிட்டு ஓட்டுபவரைத் திட்டும் நம்மில் பலர், அந்த ஐந்து கிலோமீட்டரைக் குற்றமாகவே எண்ணுவதில்லை.

ஆஸ்திரேலிய மாநிலங்கள் குடியிருப்புத் தெருக்களின் பொது வரம்பை 60இலிருந்து 50ஆகக் குறைத்தன. விக்டோரியா 2001இல், தெற்கு ஆஸ்திரேலியா 2003இல். நேரம் வீணாகும் என்ற ஓட்டுநர்களின் கவலை நியாயமானதே. வேலைக்கும் பள்ளிக்கும் தினமும் காரை நம்பியிருப்பவர்கள் அவர்கள். ஆனால் வீட்டிலிருந்து பெருஞ்சாலை அரை கிலோமீட்டர் என்றால், கூடுதலாக ஆவது ஆறு நொடி. ஒரு சிவப்பு விளக்கு அதைவிட அதிகம் விழுங்கும். நெடுந்தூரப் பயணத்துக்கான பெருஞ்சாலைகளில் 60, 70, 80 என்று பலகைகள் அப்படியே நின்றன. எல்லாச் சாலையையும் ஒன்றாகப் பாவிக்காமல், மனிதர் வாழும் தெருவையும் வாகனம் விரையும் சாலையையும் பிரித்துப் பார்த்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

2018இல் மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய், காலிங்வுட் பகுதிகளில் 30ஐயும் சோதித்துப் பார்த்தார்கள். அந்த வேகத்தில் வரும் கார் 18 மீட்டருக்குள் நின்றுவிடும். ஆனால் அகலமான நேர்த் தெருவில் வெறும் பலகையை நட்டால் ஓட்டுநரின் கால் அதை மதிக்காது. தெருவைக் குறுக்கி, வேகத்தடையோ சிறு ரவுண்டானாவோ வைத்தால், ஸ்பீடாமீட்டரைப் பார்க்காமலே அவர் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்.