பனிக்காலமில்லாத மண்ணில் நுளம்பின் நொதியங்கள்

குளிர்நாட்டுக் கியூலெக்சு பிப்பியன்சுப் பெண்நுளம்பு பனிக்காலத்தை உறக்கத்திற் கழிக்கிறது. அப்போது உடலில் தேங்கும் ஒட்சியேற்ற நச்சுகளைக் கற்றலேசு முதலான நொதியங்கள் நீக்குகின்றன.

வட்டக்கச்சியிற் பனிக்காலமில்லை. இரணைமடுக் குளத்து நீரை நம்பிய இக்குடியேற்றம் போன்ற உலர்வலயப் பகுதிகளில், நுளம்பு எதிர்கொண்ட பேரிடர் மனிதன் விசிறிய டி.டி.ரி. ஆகும். 1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளர் பதினெழுவரே. விசிறல் கைவிடப்பட்டது, 1967-68இல் கொள்ளைநோய் மீண்டது. மறுபடி விசிறியபோது, 1969இல், அனொபிலிசு குலிசிபேசிசு டி.டி.ரி.யை எதிர்ப்பது தெரியவந்தது.

இத்தகைய எதிர்ப்புக்குப் பல நுளம்பினங்களிற் காரணமாவது குளுற்றாதையோன்-எஸ்-திரான்சுபெரேசு. இந்நொதியக் குடும்பம் டி.டி.ரி.யைச் சிதைக்கும், ஒட்சியேற்றச் சிதைவையும் தணிக்கும். இதனை 'இயற்கைத் தேர்வு' என்று மட்டும் கூறியமைதல் அரைகுறை விளக்கமே. எந்நுளம்பு பிழைக்கும் என்பதைத் தீர்மானித்ததில் விசிறுகருவிக்கும், அதை நிறுத்தி மீள இயக்கிய நிருவாகத்துக்கும் பங்குண்டு.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடாகச் சான்றளித்தது. அதையடுத்து மன்னாரில் அனொபிலிசு ஸ்ரெபென்சி கண்டறியப்பட்டது. அது கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகுவது. ஆறு வற்றும்வரை காத்திருப்பதில்லை.