வீட்டுக்குள் வரும் கண்ணாடி இழை

வீட்டு இன்டர்நெட்டை வேறு கம்பெனிக்கு மாற்றப்போவதாக அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்கிறார்களா? இணைப்பு கொடுக்க ஆள் வரும் நாளை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒளியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்ததையெல்லாம் அன்று உங்கள் வீட்டு வராந்தாவிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். செல்போன் கம்பெனியை மாற்றினால் புது சிம் போட்டால் போதும், பழைய நம்பரே இருக்கும். இந்த வசதி இந்தியா முழுக்க 2011-இல் வந்துவிட்டது. வீட்டு இன்டர்நெட்டுக்கு மட்டும் ஏன் ஏணியோடு ஆள் வரவேண்டும்? செல்போனுக்கு ரேடியோ அலை போதும். டவர் பக்கத்தில் இருந்தால் எந்தக் கம்பெனியின் அலையும் வீட்டுக்குள் வந்துவிடும். வீட்டு இணைப்புக்கோ தெருவிலிருந்து ஒரு வயர் வந்தாக வேண்டும். கம்பெனி மாறினால் பெரும்பாலும் அந்த வயரும் மாறும். பழைய பாதை வேறு, புதிய பாதை வேறு என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம். ஆகவே புதியது நன்றாக ஓடுகிறதா என்று பார்க்கும்வரை பழையதை நிறுத்த வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

முன்பெல்லாம் தொலைபேசிக்காக இழுத்த செம்புக் கம்பியிலேயே இன்டர்நெட்டும் வந்தது. செம்பில் போவது மின்சாரம். தூரம் கூடக் கூட அது தேய்ந்துகொண்டே போகும். தொலைபேசி நிலையத்துக்குத் தள்ளியிருந்த வீடுகளில் வேகம் நொண்டியடிக்கும். மழைக்காலத்தில் இணைப்புகளில் தண்ணீர் இறங்கினால் போனில் கொரகொரவென்று இரைச்சல் கேட்கும். தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

இப்போது வருவது ஒளியிழை. மின்கம்பத்திலிருந்தோ பக்கத்து மொட்டைமாடியிலிருந்தோ இழுத்து வரும் கறுப்பு வயரை அந்த அண்ணன் உரிக்கும்போது கிட்டே நின்று பாருங்கள். வயர் இழுபட்டாலும் அறுந்துவிடாமல் தாங்குவதற்கு உள்ளே விறைப்பான கம்பிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே வண்ணம் பூசிய மெல்லிய இழை ஒன்று. வேலை செய்வது அது ஒன்றுதான். பூச்சை வழித்தெடுத்தால் மிஞ்சும் கண்ணாடியின் தடிமன் 125 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் ஒளி போவது நட்ட நடுவில், சுமார் 9 மைக்ரோமீட்டர் அகலமுள்ள உள்ளகத்தில். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி ஏழெட்டு உள்ளகங்களை அடுக்கலாம்!

உள்ளகத்தைச் சுற்றியிருக்கும் உறையும் கண்ணாடிதான். ஆனால் உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் உறையினுடையதைவிடச் சற்று அதிகம். அதனால் எல்லையில் மிகச் சாய்வாக வந்து படும் ஒளி உறைக்குள் போக முடியாமல் உள்ளேயே திரும்பிவிடுகிறது. இதுதான் முழு அக எதிரொளிப்பு. நீர்த்தாரைக்குள் ஒளி வளைந்து போவதை ஜெனிவாவில் டேனியல் கொலாடான் 1840-களிலேயே காட்டினார். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹரோல்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, ஒரு கட்டு கண்ணாடி இழைகள் வழியே படத்தையே அனுப்பிக் காட்டி 1954-இல் கட்டுரை வெளியிட்டார்.

அப்படியானால் அப்போதே ஏன் இன்டர்நெட்டுக்கான இழை வரவில்லை? ஜன்னல் கண்ணாடியை முகப்பில் பார்க்காமல் விளிம்பு வழியாகப் பாருங்கள், பச்சையாகத் தெரியும். கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பு ஒளியை உறிஞ்சுவதால் வரும் நிறம் அது. குற்றம் கண்ணாடியுடையதல்ல, அதிலுள்ள அழுக்குடையது என்று 1966-இல் எடுத்துச் சொன்னவர் சார்லஸ் காவ். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய நல்ல இழையில் ஒளி 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி மிச்சமிருக்கும்.

இனி, கண் இமைக்காமல் பார்க்கவேண்டிய கட்டம். இரண்டு இழைகளை ஒட்டவேண்டும்.

"அண்ணா, செல்லோடேப் போட்டு ஒட்டினா ஆகாதா?"

"ஆகாது பாப்பா. ரெண்டு நுனியும் தூசி அளவு விலகினாலும் வெளிச்சம் பாதியிலேயே போயிடும்."

அவர் இழையை ஸ்பிரிட்டில் துடைப்பார். கிளீவர் என்ற சிறு கருவியில் வைத்து அழுத்துவார். அது கண்ணாடியை வெட்டுவதில்லை. மெல்லக் கீறி, கீறிய இடத்தில் நேராக முறிக்கும். முறிந்த முகம் சமமாக இருந்தால்தான் ஒட்டு நிற்கும். பிறகு இரண்டு நுனிகளையும் ஸ்பிளைசிங் மெஷினில் எதிரெதிரே வைத்து மூடுவார். சின்னத் திரையில் அவை பூதாகாரமாகத் தெரியும். மெஷின் தானாகவே நகர்த்தி நேர்ப்படுத்தும். ஒரு மின்பொறி, அவ்வளவுதான், கண்ணாடி உருகி ஒன்றாகிவிடும். சிலர் நேரமில்லை என்று உருக்காமல் நுனியில் கனெக்டரை மட்டும் மாட்டுவார்கள். அதுவும் ஓடும். ஆனால் என் ஓட்டு உருக்கி ஒட்டுவதற்கே. ஒரு எச்சரிக்கை: முறித்துப் போட்ட துண்டுகள் கண்ணுக்கே தெரியாமல் தோலில் ஏறிவிடும். வேலை நடக்கும் இடத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

அடுத்து பவர் மீட்டரை மாட்டி, "மைனஸ் இருபது, நல்லா வருது" என்பார். மைனஸ் 20 என்றால் ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு ஒளி. இவ்வளவு கொஞ்சம் போதுமா? போதும். மைனஸ் 27-ஐத் தாண்டிக் குறைந்தால்தான் தகராறு. தெருவில் வரும் ஒரே இழையின் ஒளியை ஒரு சிறு பெட்டி 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரித்துத் தருவதால்தான் இவ்வளவு குறைகிறது. வரும் தகவல் எல்லா வீட்டுக்கும் போகும்; ஆனால் சங்கேதமாக்கி அனுப்புவதால் உங்களுடையதை உங்கள் வீட்டுக்குள் மாட்டும் வைஃபை பெட்டி மட்டுமே திறக்கும். அனுப்பும்போது தெருக்குழாயில் குடம் வைப்பதுபோல ஒவ்வொரு வீடும் தன் முறை வரும்வரை காத்திருந்து அனுப்பும். நொடிக்குள் பல்லாயிரம் முறை வருவதால் காத்திருப்பதே தெரியாது. வருவது 1490 நானோமீட்டர் அலைநீளத்தில், போவது 1310-இல். இரண்டும் அகச்சிவப்பு, கண்ணுக்கும் தெரியாது, செல்போன் கேமராவுக்கும் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக இழையின் நுனியைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

இந்த வைஃபை பெட்டியை எங்கே வைப்பது? டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்கத்தான் வீட்டில் ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். வைஃபை அலைக்கு இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் எதிரி. மீன்தொட்டியும்தான், ஏனென்றால் தண்ணீர் அந்த அலையை உறிஞ்சும். வீட்டின் நடுவே, சற்று உயரத்தில் வையுங்கள். பெட்டிக்குப் போகும் மெல்லிய வயரைச் சின்ன வளையமாக மடக்கிக் கட்டவும் கூடாது. வளைவு அதிகமானால் ஒளி எல்லையில் படும் கோணம் மாறி, உறை வழியே கசிந்துவிடும். பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள்.

வேகத்தை நீங்களே சோதியுங்கள். 100 எம்பிபிஎஸ் திட்டம் என்றால் ஒரு நொடிக்கு 10 கோடி பிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். 1,000 மெகாபைட் படம் இறங்க எத்தனை நொடி ஆகும் என்று கணக்குப் போட்டு, கடிகாரத்தை வைத்துச் சரிபாருங்கள்.

கணக்கு சரியாக வந்தால் பழைய இணைப்பை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். பழைய கம்பெனியின் பெட்டியை அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, ரசீது வாங்கச் சொல்லுங்கள். கட்டிய டெபாசிட்டைத் திரும்பக் கேட்க அந்த ரசீது வேண்டும்.