கூரை திறக்கும் கார்கள் எங்கே போயின?

பீட்டில் கன்வெர்ட்டிபிள் 2019-ல் நின்றது. எஸ்எல்சி 2020-ல் நின்றது. 2023-ல் டிடி ரோட்ஸ்டர், 2024-ல் எஃப்-டைப். ஐரோப்பாவின் கார் விலைப்பட்டியல்களிலிருந்து கூரை திறக்கும் கார்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. போன இடத்துக்கு இன்னொன்று வருவது அபூர்வம். கார் விற்பவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: “யாருக்கும் வேண்டாம் சார். ஓட்டுபவர்களுக்கே ஆசை விட்டுப்போச்சு.”

இந்தப் பதிலை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. விற்பனை சரிந்திருப்பது உண்மை. ஆனால் எது முதலில் நடந்தது? ஆசை போய் கார் போனதா, நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் கார் போனபின் ஆசைக்கு வழியில்லாமல் ஆனதா? கடந்த அறுபது ஆண்டுக் கதையை வரிசையாகப் பார்த்தால், இரண்டாவதுதான் பெரும்பாலும் நடந்திருக்கிறது.

ஒருமுறை செத்துப் பிழைத்தது

கன்வெர்ட்டிபிளின் சாவு அறிவிக்கப்படுவது இது முதல்முறையல்ல. 1965 வாக்கில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 5 லட்சம் கன்வெர்ட்டிபிள்கள் விற்றன. பத்தே ஆண்டில் அந்தச் சந்தை கரைந்தது. நெடுஞ்சாலைகள் அகலமாகி, வண்டிகள் வேகமெடுத்தன. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும்போது காதைக் கிழிக்கும் காற்றை யார் மணிக்கணக்கில் தாங்குவார்கள்? 1960களின் இறுதிக்குள் அமெரிக்கப் புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஏசி வந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குளிரக் குளிரப் போவதே சுகம் என்றானது.

அதோடு ஒரு பயமும் சேர்ந்தது. கார் குப்புறக் கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவர் தப்ப வேண்டும் என்ற பாதுகாப்பு விதி வரப்போகிறது, அதில் கன்வெர்ட்டிபிள் தேறாது என்று தொழிலில் எல்லோரும் நம்பினார்கள். ஒரு வகைக் காரையே ஒழிக்கும்படி விதி போட முடியாது என்று 1972-ல் நீதிமன்றம் சொன்ன பிறகும் பயம் தெளியவில்லை. 1976 ஏப்ரலில் டெட்ராய்ட் ஆலையிலிருந்து வெள்ளை எல்டராடோ ஒன்று வெளியே வந்தபோது, ‘அமெரிக்காவின் கடைசி கன்வெர்ட்டிபிள்’ என்று அதை வழியனுப்பினார்கள். அந்த ஆண்டு மட்டும் எல்டராடோ கன்வெர்ட்டிபிள்கள் 14,000 விற்றன. கடைசி என்றதும் ஜனம் தேடிப் போய் வாங்கியது. அதாவது, ஆசை சாகவில்லை.

பிரிட்டனிலும் இதே கதை. அபிங்டன் என்ற சிற்றூரில் 1962 முதல் உருவான எம்ஜிபி, கூரை மூடிய வகையையும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் விற்ற கார். அமெரிக்கச் சட்டத்துக்காக 1974-ல் அதன் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டினார்கள், தரையிலிருந்து உயரத்தையும் கூட்டினார்கள். வளைவில் அது முன்போல் ஒட்டிக்கொண்டு போகவில்லை என்று ரசிகர்கள் குமுறினார்கள். 1980 அக்டோபரில் ஆலையே மூடப்பட்டது. பள்ளி ஆசிரியரும் வங்கிக் குமாஸ்தாவும் ஓட்டிய கார் அது.

ஹிரோஷிமா சொன்ன பதில்

அந்த வெற்றிடத்தை நிரப்பியது ஜப்பான். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் ஹிரோஷிமாவிலிருந்து வந்த மியாட்டா மேடையேறியது. இரண்டு இருக்கை, ஒரு டன்னுக்கும் குறைவான எடை, கையால் மடக்கும் துணிக் கூரை. அமெரிக்க விலை 13,800 டாலர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் மாதத் தவணையில் வாங்கலாம் என்ற விலை.

அதன் இன்றைய தலைமுறைக் காரில் அந்தக் கூரையைப் பார்க்க வேண்டும். முன்கண்ணாடிச் சட்டத்தின் நடுவில் ஒரே ஒரு கொக்கி. அதை விடுவித்து, இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு கையைத் தோளுக்கு மேலே பின்னால் தள்ளினால் கூரை மடிந்து போய் முதுகுக்குப் பின்னால் ‘டக்’ என்று உட்காரும். மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது. சிக்னல் பச்சையாவதற்குள் வேலை முடிந்துவிடும். பழுதாக அதில் பெரிதாக எதுவுமே இல்லை.

மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள். 1995, 1996 என்ற இரண்டு ஆண்டுகளுக்குள் இசட்3, எம்ஜிஎஃப், பார்கெட்டா, எஸ்எல்கே, பாக்ஸ்ஸ்டர் என்று வரிசை கட்டி வந்தன. எஸ்எல்கேயின் இரும்புக் கூரை ஒரு பட்டனை அழுத்தினால் 25 நொடியில் டிக்கிக்குள் போய் மடங்கியது. அதே வித்தையை 2000-க்குப் பிறகு சின்னக் கார்களிலும் செய்தார்கள். பிரான்ஸின் 206 சிசி லட்சக்கணக்கில் விற்றது. ஐரோப்பாவின் எந்தத் தெருவிலும் மாலை வேளையில் கூரை திறந்த கார் ஒன்றாவது கண்ணில் படும் காலம் அது.

இரும்புக் கூரைதான் பிறகு வினையானது. எடை கூடியது, டிக்கியில் இடம் போனது. ஐந்தாறு வருடம் ஓடிய வண்டியில் ஹைட்ராலிக் குழாய் கசிந்தால், பழுது பார்க்கும் செலவு காரின் மதிப்போடு போட்டி போட்டது. அப்படி வாங்கிச் சூடு பட்டவர்கள் அடுத்த முறை எஸ்யுவி பக்கம் போனார்கள்.

கூரையை எடுத்தால் கணக்கு உதைக்கும்

காரின் மேற்பகுதியை அறுத்துவிட்டுத் துணி போடுவதுதானே என்று தோன்றும். ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. உள்தட்டை மட்டும் உருவி எடுத்து முறுக்கினால் எளிதாகத் திருகிக்கொள்ளும். இன்றைய கார்களில் தனியாகச் சேசிஸ் கிடையாது. தரை, பக்கம், கூரை எல்லாம் சேர்ந்த கூடுதான் எலும்பு. கூரையை எடுத்தால் அந்தக் கூடு திருகும். மேடுபள்ளத்தில் டேஷ்போர்டு நடுங்கும், கதவு இடுக்கில் கிரீச்சிடும்.

அதைச் சரிசெய்ய கதவுக்குக் கீழே ஓடும் உத்தரங்களுக்குள் கூடுதல் எஃகு வைக்க வேண்டும். தரைக்கு அடியில் குறுக்குச் சட்டம் வேண்டும். முன்கண்ணாடித் தூண்கள் கவிழும் காரைத் தாங்க வேண்டும். பின்னிருக்கைக்குப் பின்னால், கவிழப்போகிறது என்று உணர்ந்த கணத்தில் துள்ளி எழும் பாதுகாப்பு வளையம் வேண்டும். இத்தனையும் செய்தால் சாதாரணக் காரைவிட நூறு, இருநூறு கிலோ கூடும். மோதல் சோதனைகளையும் தனியாகச் செய்ய வேண்டும்.

இதை வடிவமைத்துச் சோதிக்கும் செலவு 5 லட்சம் கார் விற்றாலும் ஒன்றுதான், 5,000 விற்றாலும் ஒன்றுதான். எஸ்யுவிக்கு இந்தத் தலைவலி இல்லை. இருக்கிற காரின் அடித்தளத்தையே உயர்த்தி, உடம்பைப் பெரிதாக்கி, விலையையும் ஏற்றி விற்கலாம். 2023-ல் உலகில் விற்ற கார்களில் 48 சதவீதம் எஸ்யுவிகள். 2009 முதல் உலகின் மிகப்பெரிய கார் சந்தையாக இருக்கும் சீனாவில் கன்வெர்ட்டிபிளுக்கு என்றுமே பெரிய கிராக்கி இருந்ததில்லை. கணக்குப் பார்ப்பவர் எதைத் தொடர்வார், எதை வெட்டுவார் என்று சொல்லவே வேண்டாம்.

2024 ஜூலையில் ஐரோப்பாவில் நடந்தது இதற்கு அப்பட்டமான சாட்சி. கார்களின் கணினி அமைப்பை ஹேக்கர்களிடமிருந்து காக்கும் விதி அன்று முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. பழைய மின்னணு அமைப்பைக் கொண்ட பெட்ரோல் பாக்ஸ்ஸ்டரை அதற்காக மாற்றிக் கட்டுவது கட்டுப்படியாகவில்லை. அது அங்கே விற்பனையிலிருந்து விலகியது. ஆனால் அதே வரிசையின் உச்ச விலை வண்டிக்கு, குறைந்த எண்ணிக்கையில் செய்யப்படுவது என்ற விலக்கு கிடைத்தது. விதி நல்ல விதிதான். விளைவு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது: விலை குறைந்தது வெளியே, விலை கூடியது உள்ளே.

ஓர் ஊரின் கைகள்

ஜெர்மனியின் வடமேற்கில் ஓஸ்னாப்ரூக் என்று ஒரு நகரம். ஐரோப்பாவின் முப்பது ஆண்டுப் போரை 1648-ல் முடித்துவைத்த சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டு ஊர்களில் ஒன்று. கார் ரசிகர்களுக்கு அது கூரை மடக்கும் ஊர். 1901-ல் குதிரை வண்டி கட்டும் குடும்பம் ஒன்று தொடங்கிய பட்டறை, 1949-ல் பீட்டில் காரின் கூரையை எடுத்துத் துணிக் கூரை போட ஆரம்பித்தது. 1980 வரை 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் அப்படிச் செய்தார்கள். வெளியே கனத்த துணி, உள்ளே மெத்தென்ற உறை, இரண்டுக்கும் நடுவே குதிரைமுடித் திணிப்பு, பின்னால் நிஜக் கண்ணாடி. பனிக்காலத்திலும் உள்ளே கதகதப்பாக இருக்கும். மடக்கினால் மட்டும் பின்னிருக்கைக்கு மேலே பெரிய மூட்டையாக உயர்ந்து நிற்கும். நான்கு பேர் உட்காரலாம், குழந்தைகளையும் கூட்டிப் போகலாம். கோடீஸ்வரர்களுக்கென்று செய்த கார் இல்லை அது.

அதற்குப் பின் வந்த கோல்ஃப் கேப்ரியோலேவுக்கு நடுவில் ஒரு பாதுகாப்பு வளையம் இருந்ததால் ‘ஸ்ட்ராபெர்ரிக் கூடை’ என்று ஜெர்மானியர்கள் செல்லப்பெயர் வைத்தார்கள். 2009 ஏப்ரலில் அந்த நூறாண்டுப் பட்டறை திவாலானது. ஆலை கைமாறியது. 2011-ல் மீண்டும் கோல்ஃப் கேப்ரியோலே, 2020 முதல் டி-ராக் கேப்ரியோலே என்று அதே ஊரில் வேலை தொடர்ந்தது. டி-ராக்கின் கூரை 9 நொடியில் திறக்கும், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டிக்கொண்டே திறக்கலாம். அதுவும் 2027-ல் நிற்கப்போகிறது என்று 2024 டிசம்பரில் முடிவானது. ஆலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அடுத்து என்ன கார் என்பதே அவர்கள் வீடுகளின் பேச்சு.

என் கவலை இங்கேதான் கூடுகிறது. துணிக் கூரையைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுவதும், ஆயிரம் முறை மடக்கினாலும் தண்ணீர் கசியாதபடி ரப்பர் பட்டையைப் பொருத்துவதும் புத்தகத்தில் படித்து வருகிற வித்தையில்லை. ஒருவர் செய்யப் பக்கத்தில் நின்று இன்னொருவர் பழகுவது. ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தால் நாளைக்கு ஆசைப்படுபவர் கேட்டாலும் செய்துதர ஆளிருக்காது. பிரான்ஸில் சின்னக் கார்களுக்கு மடங்கும் கூரை வடிவமைத்த பட்டறையும் இப்போது இல்லை.

பணக்காரர்களுக்கு மட்டும் வானமா?

திறந்த கார்கள் அடியோடு ஒழியவில்லை என்பதுதான் இதில் இன்னும் வலிக்கிறது. இத்தாலிய சூப்பர் கார்களிலும் பிரிட்டிஷ் சொகுசு வண்டிகளிலும் கூரை திறக்கும் வகை இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. கோடிக்கணக்கில் விலை வைத்தால் கூடுதல் எஃகின் செலவு அதில் மறைந்துபோகும். மின்சார யுகத்திலும் அதேதான். பேட்டரியில் ஓடும் இரட்டை இருக்கை கன்வெர்ட்டிபிளான சைபர்ஸ்டர் 2025-ல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 75 லட்சம் ரூபாயை ஒட்டி இருந்தது. எஞ்சின் இரைச்சல் இல்லாத கார்தான் திறந்து ஓட்டப் பொருத்தமானது. காற்றின் ஓசையும் மரத்துப் பறவையும் காதில் விழும். அந்தச் சுகம் 75 லட்சத்தில் தொடங்கினால் எத்தனை பேருக்கு எட்டும்?

திறந்த கார் பாதுகாப்பில்லை, வெயிலும் புகையும் உடம்புக்கு ஆகாது, நகர நெரிசலில் கூரை திறந்து என்ன காண்பது என்று கேட்பவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஆசை செத்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் ஊரில் புதுக் கார் எடுக்கப் போகும் குடும்பத்தைக் கவனியுங்கள். மைலேஜுக்கு அடுத்து “சன்ரூஃப் இருக்கா?” என்றுதான் கேட்கிறார்கள். அதற்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். எஸ்யுவியின் கூரையில் ஒரு சதுரக் கண்ணாடி வைத்து, வானத்தில் ஒரு துண்டைத் திருப்பி விற்பது இன்று நல்ல வியாபாரம். தலைக்கு மேலே திறந்த வெளி வேண்டும் என்ற ஆசை ஒரு கடைக்கோடிப் பிள்ளைக்கும் இருக்கிறது.

மியாட்டாவே இதற்குச் சாட்சி. 2016 ஏப்ரலில் ஹிரோஷிமாவில் 10 லட்சமாவது மியாட்டா உருவானது. உலகில் அதிகம் விற்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். இன்றும் விற்பனையில் இருக்கிறது. எடையை ஒரு டன்னை ஒட்டியே வைத்தார்கள், கூரையைக் கையால் மடக்கவிட்டார்கள். மற்றவர்கள் ஆடம்பரத்தைக் கூட்டிக்கொண்டே போன முப்பது ஆண்டுகளில், கட்டுப்படியாகும் விலையை இது விட்டுக்கொடுக்கவில்லை. ஆசை இல்லாத சந்தையில் ஒரு கார் முப்பத்தைந்து ஆண்டு தாக்குப்பிடிக்குமா?

ஆகவே கார் செய்பவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பத்து எஸ்யுவி செய்யுங்கள், அதில் வரும் லாபத்தில் ஒரு சின்னத் திறந்த காரையும் உயிரோடு வையுங்கள். துணிக் கூரை போதும், ஒரு கொக்கி போதும். விதி வகுப்பவர்களும், உச்ச விலைக் கார்களுக்குக் கிடைக்கும் குறைந்த எண்ணிக்கை விலக்கு சாதாரண விலைச் சிறு காருக்கும் எட்டும்படி வழி செய்ய வேண்டும். உயிர்காக்கும் விதிகளைத் தளர்த்தச் சொல்லவில்லை, அவற்றை நிறைவேற்ற அவகாசம் கொடுக்கச் சொல்கிறேன். 1976-ல் முடிந்தது என்று எழுதிய கதை 1982-ல் அமெரிக்காவில் மறுபடி தொடங்கியது. அன்று அது நடந்ததற்குக் காரணம், கூரை கட்டத் தெரிந்த கைகள் அப்போதும் வேலையில் இருந்ததுதான். ஓஸ்னாப்ரூக் போன்ற ஊர்களில் அந்தக் கைகள் கலைந்துபோவதற்குள் இந்த முடிவை எடுத்தாக வேண்டும்.