'ஜப்பனீஸ்' என்னும் ஆங்கிலச் சொல்

யப்பான் நாட்டான் ஒருவனை யப்பானியன் என்றும், அந்நாட்டு மக்களை யப்பானியர் என்றும், அவர்தம் பேச்சை யப்பானிய மொழி என்றும் தமிழிலே வேறு பிரித்து வழங்குகின்றோம். யப்பானியரும் தம்மை 'நிஹொன்ஜின்' என்றும், தம் மொழியை 'நிஹொங்கோ' என்றும் பகுத்தே கூறுவர். ஆங்கிலமோ இவையனைத்தையும் 'ஜப்பனீஸ்' என்ற ஒரே சொல்லின் தலைமேற் சுமத்திவிட்டது. ஒருவனும் அதுவே, பலரும் அதுவே, மொழியும் அதுவே, நம் வீதிகளில் ஓடும் அந்நாட்டு மோட்டார் வண்டியும் அதுவே.

அங்ஙனமாயின் ஆங்கிலேயர் பொருள் மயங்காது பேசுவது எப்படி? 'த' என்னும் சிறுசொல் பெரிதும் கைகொடுக்கின்றது. மாணவன் ஒருவன் தான் 'ஜப்பனீஸ்' பயில்வதாக எழுதின் மொழியைப் பயில்கின்றான். இடையிலே 'த' வைத்துவிட்டாலோ அந்நாட்டு மக்களை ஆராய்கின்றான். தமிழிலே இத்தகைய சொல் இன்மையால் நம் மாணவர் அடிக்கடி இடறுமிடம் இது. 'ஜப்பனீஸ் ரீச்சர்' என்பதோ எழுத்திலே இருபொருள் படுவது. முதற்சொல்லை அழுத்தி, இரண்டாவதைத் தாழ்த்திச் சொன்னால் அம்மொழியைக் கற்பிப்பவர். 'ரீச்சர்' என்பதை அழுத்தினால் அந்நாட்டவரான ஆசிரியர்.

'ஈஸ்' என்னும் இறுதி, 'அவ்விடத்துக்குரிய' எனப் பொருள்படும் இலத்தீன் விகுதியின் வழிவந்தது. சைனீஸ், போர்த்துக்கீஸ், சிங்களீஸ் என்பனவும் இவ்வினத்தனவே. 1972ஆம் ஆண்டிலே நாட்டின் ஆங்கிலப் பெயர் மாறும்வரை நாமும் 'சிலோனீஸ்' ஆயிருந்ததை மூத்த பழைய மாணவர் மறந்திரார். இவ்விறுதியின் ஓசை பன்மை போல் ஒலிப்பதே தொல்லை. 1667இல் வெளிவந்த 'பரடைஸ் லொஸ்ற்' காவியத்திலே மில்ற்றன் 'சைனீசிஸ்' என மேலுமொரு பன்மை விகுதி சேர்த்தார்; அவ்வழக்குப் பின்னர் வீழ்ந்தது. பிற்காலத்துப் பாமரர், உள்ள சொல்லையே பன்மையெனக் கொண்டு, வாலை நறுக்கிச் 'சைனீ' என ஓர் ஒருமையைப் படைத்தனர். அதிலே ஏளனமும் ஒட்டிக்கொண்டது. 'ஒரு ஜப்பனீஸ்' என்பது இலக்கணத்துக்கு வழுவன்று. எனினும் செவிக்கு இனிதன்று. ஆடவர், பெண், மாணவர் என ஒரு பெயரைப் பின்னே சேர்த்தெழுதுவதே நன்றென்போம். 'ஜப்' என்னும் குறுக்கமோ முழு வசை. பழைய பத்திரிகைகளிற் காணப்படினும் நம் மாணவர் அதனைக் கையாளலாகாது.

அவ்வசை பெருக வழங்கிய போர்க்காலத்திலே மூலச் சொல்லும் தீங்கு செய்தது. 1942இல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,20,000 பேர் முகாம்களுக்கு அகற்றப்பட்டனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டிலே பிறந்த குடிமக்கள். தெருவெங்கும் ஒட்டப்பட்ட கட்டளைகளோ 'ஜப்பனீஸ்' வழிவந்த அனைவரையும், அந்நியராயினும் 'அந்நியரல்லாதா'ராயினும், வெளியேறப் பணித்தன. அந்நியரல்லாதார் யாவர்? குடிமக்களே. அவ்வொரு சொல்லை எழுத அதிகாரிகளின் பேனா கூசியது போலும்! அவர்தம் பெற்றோர் பலருக்கோ 1952 வரை குடியுரிமை கோரவும் சட்டம் இடந்தரவில்லை. 1988இலேயே அரசு சட்டமியற்றி மன்னிப்புக் கோரி, அப்போது உயிரோடிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்க இசைந்தது.

இன்று அன்னாரை 'ஜப்பனீஸ் அமெரிக்கன்' என்பர். அத்தொடரிலே பெயர்ச்சொல்லாய் நிற்பது 'அமெரிக்கன்'. 'ஜப்பனீஸ்' அதற்கு அடைமொழி மாத்திரமே.