பஞ்சாயத்து அப்ரூவல் மனை: காலாவதி ஆயிருச்சா? பத்திர ஆபீசில் திருப்பி அனுப்புவது ஏன்?

சிறுகச் சிறுக சேர்த்து மனை வாங்கிப் போட்டவர்கள், அவசரத்துக்கு விற்கலாம் என்று பத்திர ஆபீசுக்கு போனால் முதலில் வருகிற கேள்வி, "அப்ரூவல் இருக்கா?" என்பதுதான். பஞ்சாயத்து தலைவர் சீல் வைத்த வரைபடத்தை எடுத்து நீட்டினால், "இது செல்லாது" என்கிறார்கள். பழைய அப்ரூவல் காலாவதி ஆயிருச்சோ, புதுப்பிச்சா சரியாயிடுமோ என்று பலரும் அலைகிறார்கள்.

உண்மை என்னவென்றால், அது காலாவதி ஆகவில்லை. அது முறையான அனுமதியாக பிறக்கவே இல்லை.

தமிழ்நாட்டில் 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்பு சட்டம் வந்தது. அந்த சட்டப்படி மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டியது சென்னை பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற மாவட்டங்களில் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம். பஞ்சாயத்து தலைவர் தன் இஷ்டத்துக்கு வயலை மனையாக்கி கையெழுத்து போட முடியாது. ஆனால் நடந்தது வேறு. ஊருக்கு ஊர் கலர் கொடி நட்டு, வேன் வைத்து ஆட்களை கூட்டிப்போய், மதியம் சாப்பாடும் போட்டு, மாதத் தவணையில் மனை விற்றார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். பத்திர ஆபீசிலும் முத்திரைத்தாள் கட்டணம் வாங்கிக்கொண்டு பதிந்து கொடுத்தார்கள். அரசாங்கமே பதிஞ்சு குடுக்குது, அப்புறம் என்ன சந்தேகம் என்றுதான் கூலித் தொழிலாளியும் மில் தொழிலாளியும் வாங்கினார்கள். அவர்களை குறை சொல்லி பிரயோஜனம் இல்லை.

இதற்கு பிரேக் விழுந்தது 9-9-2016 அன்று. வக்கீல் யானை ராஜேந்திரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், அங்கீகாரம் இல்லாத மனைகளை பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. விளைநிலமும் நீர்நிலையும் கண்மூடித்தனமாக பிளாட் ஆவதை நிறுத்துவதுதான் வழக்கின் நோக்கம். அடுத்த 2 மாதத்தில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டும் செல்லாமல் போக, மனை வியாபாரம் ஒரேயடியாக படுத்தது.

அதற்குள் 20-10-2016 அன்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் அமலுக்கு வந்தது. மனை வைத்திருப்பவர்கள் மறக்கக்கூடாத தேதி இதுதான். அங்கீகாரம் இல்லாத மனையை பதிய அந்த பிரிவு தடை விதிக்கிறது. ஆனால் ஒரு விலக்கும் கொடுக்கிறது. அதே மனை ஏற்கனவே 'வீட்டு மனை' என்று பதிவாகி இருந்தால், மறுபடி விற்கும்போது பதியலாம்.

சிக்கல் எங்கே என்றால், அந்த 'வீட்டு மனை' என்ற வார்த்தையில். சிலருடைய பத்திரத்தில் மனை எண், நீள அகலம் எல்லாம் தெளிவாக இருக்கும். இன்னும் சிலருக்கு, அன்றைக்கு செலவை குறைக்க "புஞ்சை 5 சென்ட்" என்று நிலமாகவே எழுதி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட பத்திரம்தான் இப்போது கவுண்டரில் மாட்டிக்கொள்கிறது. தவணை கட்டி முடித்தும் பத்திரம் பதியாமல் ரசீதை மட்டும் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். ரசீது பத்திரம் ஆகாது.

இதற்கு வழியாக 4-5-2017 அன்று அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டது. மனைப்பிரிவில் ஒரு மனையாவது 20-10-2016 அல்லது அதற்கு முன்பு விற்று பதிவாகி இருந்தால், அந்த மனைப்பிரிவை வரன்முறை செய்ய விண்ணப்பிக்கலாம் என்றது. பரிசீலனை கட்டணம் மனைக்கு 500 ரூபாய். அது போக வரன்முறை கட்டணம், வளர்ச்சி கட்டணம் தனி. மனை போட்டவர் ஊரை விட்டு போயிருந்தால், வாங்கினவர்களே விண்ணப்பிக்கலாம். இதற்கான கெடு பல தடவை நீட்டிக்கப்பட்டது. அதனால் புரோக்கர் சொல்வதை நம்பி பணம் கொடுக்காமல், டி.டி.சி.பி. மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேட்பது நல்லது.

ஏரி, குளம், வாய்க்கால், புறம்போக்கு, பூங்காவுக்கு விட்ட இடம் என்றால் எத்தனை கட்டணம் கட்டினாலும் வரன்முறை கிடையாது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பத்திரம் பதிந்துவிட்டால் வீடு கட்டலாம் என்று நினைக்கிறார்கள். பதிவு வேறு, கட்டிட அனுமதி வேறு. வரன்முறை ஆகாத மனைக்கு பிளான் அப்ரூவல் கேட்டால் அங்கேயும் கதவு சாத்தப்படும். பிளான் இல்லாவிட்டால் பேங்கில் வீட்டுக் கடன் கேட்பதும் கஷ்டம்தான். காலாவதி என்ற பேச்சு உண்மையில் பொருந்துவது இந்த கட்டிட அனுமதிக்குத்தான். எந்த தேதி முதல் எந்த தேதி வரை என்று அனுமதி கடிதத்திலேயே போட்டிருப்பார்கள். அதற்குள் வேலை முடியாவிட்டால் புதுப்பிக்க வேண்டும். அஸ்திவாரம் போட்டுவிட்டு காசில்லாமல் பல வருஷம் விட்டவர்கள் முதலில் அந்த கடிதத்தை தேடி எடுக்கட்டும்.

மனை விற்கப் போகிறவர்கள் தாய்ப்பத்திரத்தையும், வில்லங்க சான்றையும் கையில் எடுத்துக்கொண்டு, 20-10-2016-க்கு முன்பு போட்ட பத்திரத்தில் 'வீட்டு மனை' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த பக்கத்தை சார்பதிவாளரிடம் காட்டி விலக்கு கேட்கலாம். அப்படியும் பதிய மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்பி வரக்கூடாது. காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்த மறுப்பை எதிர்த்து மாவட்ட பதிவாளரிடம் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.